பொறுத்தலும் கடன் விடுத்தலும்: தமிழ்க் கிறித்தவ எழுத்தில் மன்னிப்பு

முன்னுரை

தமிழ்க் கிறித்தவ இலக்கியம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரு வழிகளில் செல்கின்றன. அச்சு, அகராதி, உரைநடை ஆகிய துறைகளில் கிறித்தவத் தொண்டர்கள் ஆற்றிய பணிகளைத் தொகுத்துரைப்பது ஒரு வழி. தேம்பாவணி, இரட்சணிய யாத்திரிகம் போன்ற காப்பியங்களைக் கம்பரோடு ஒப்பிட்டு அவற்றின் நலம் பாராட்டுவது மற்றொரு வழி. இரண்டும் வேண்டிய பணிகளே. எனினும், அன்பும் மன்னிப்பும் நம்பிக்கையும் மனிதரின் அன்றாட வாழ்வில் எவ்வாறு நிலைபெறும் என்னும் வினாவை இவை மிகுதியும் தொடுவதில்லை. அந்நூல்களை எழுதியோருக்கு உயிராக இருந்த வினா அதுவே. இக்கட்டுரை அவ்வினாவை மன்னிப்பு என்னும் ஒரு கருத்தின் வழியே அணுக முற்படுகிறது.

இதனை ஆராய்வதற்கு ஏட்டுத் தேவைக்கு மேற்பட்ட காரணமும் உண்டு. குடிகாரக் கணவனிடம் அடிபட்ட பெண்ணை நோக்கி, 'பொறுத்துக்கொள் அம்மா, ஆண்டவர் பார்த்துக்கொள்வார்' என்று கூறும் வழக்கம் நம் சமுதாயத்தில் இன்னும் மறையவில்லை. சமய வேறுபாடு இன்றி எல்லா வீடுகளிலும் இச்சொல் கேட்கிறது. கிறித்தவ வீடுகளில் இதற்கு விவிலியச் சான்றும் காட்டப்படுகிறது. அச்சான்று சரியானதா? தமிழ்க் கிறித்தவ எழுத்தின் சிறந்த பகுதிகள் இதனை ஏற்குமா? இவ்வினாக்களுக்கு விடை காண, மன்னிப்பைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்களிலிருந்தே நாம் தொடங்க வேண்டியுள்ளது.

குறள் வகுத்த பொறை

திருக்குறளில் 'பொறுத்தல்' உண்டு. 'மன்னித்தல்' என்னும் சொல் இல்லை. பொறையுடைமை அறத்துப்பாலின் 16ஆம் அதிகாரம். அது துறவறவியலில் அமையாமல் இல்லறவியலில் அமைந்திருப்பது ஈண்டுக் கருதத்தக்கது. மனைவி மக்களோடும் சுற்றத்தோடும் அயலாரோடும் வாழ்பவனுக்கு உரிய அறமாகவே வள்ளுவர் பொறையை வைக்கிறார். தன்னைத் தோண்டுவோரையும் தாங்கும் நிலத்தை அவ்வதிகாரத்தின் முதற்குறள் உவமையாகக் காட்டுகிறது. சுமத்தல் என்பதே 'பொறு' என்னும் வேர்ச்சொல்லின் அடிப்படைப் பொருளாதலின் இவ்வுவமை சொல்லின் உள்ளிருந்தே பிறந்தது எனலாம்.

இவ்வதிகாரத்தில் இரண்டு செய்திகள் நம் ஆய்வுக்கு இன்றியமையாதன. முதலாவது, பொறுப்பவரை வள்ளுவர் ஒறுப்பவரோடு ஒப்பிட்டே பேசுகிறார் (155, 156). எனவே, பொறுப்பவர் ஒறுக்கவும் வல்லவர் என்பது தெளிவு. அறிவிலார் செய்யும் மிகையைப் பொறுத்தலை வலிமையுள் வலிமை என்று அவர் கூறுவதும் (153) இதனை உறுதிப்படுத்தும். திருப்பி அடிக்க இயலாதவனின் மௌனத்தை வள்ளுவர் பொறை என்று எங்கும் பாராட்டவில்லை. இரண்டாவது, தீங்கு செய்தவனுக்கு அத்தீங்கினால் வரவிருக்கும் துன்பத்தை எண்ணி நோவதைப் பொறையின் ஓர் உறுப்பாக அவர் கொள்கிறார் (157). இங்குப் பொறை, தீமையைத் தாங்குவதோடு நில்லாமல் தீமை செய்தவன்மேல் இரக்கமாகவும் விரிகிறது. கிறித்தவக் கருத்து தமிழில் வந்து வேரூன்றுவதற்கு ஏற்ற மண் இதுவே.

ஒரு மன்றாட்டின் மூன்று வடிவங்கள்

தமிழ்க் கிறித்தவர் மிகுதியாக ஓதும் பனுவல் எந்தக் காப்பியமும் அன்று. இயேசு பெருமான் தம் சீடர்க்குக் கற்பித்த மன்றாட்டே ஆகும். எழுத்தறியாத முதியோரும் நாள்தோறும் அதனை ஓதி வந்துள்ளனர். ஆகவே, அதன் சொல்லாட்சி மக்களின் அறவுணர்வை எந்தக் கவிதையினும் ஆழமாக உருவாக்கியிருக்க வேண்டும். ஆயினும், இலக்கியத் திறனாய்வு அதனைப் பொருட்படுத்தியதில்லை.

அம்மன்றாட்டில் மன்னிப்பைப் பற்றிய வேண்டுதல் தமிழில் மூன்று வகையாக வழங்குகிறது. கத்தோலிக்கரின் பழைய செபத்தில் தீமை செய்தவரைப் 'பொறுத்தல்' என்றும், பாவங்களைப் 'பொறுத்தருளல்' என்றும் சொற்கள் அமைந்துள்ளன. சீர்திருத்தத் திருச்சபையினர் வழங்கும் 1871ஆம் ஆண்டின் பவர் திருப்புதலில் 'கடன்', 'கடனாளிகள்', 'மன்னித்தல்' என்னும் சொற்கள் வருகின்றன. இரு திருச்சபையினரும் இணைந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் 'குற்றம்', 'மன்னித்தல்' ஆகியவை இடம்பெறுகின்றன.

மத்தேயுவின் கிரேக்க மூலத்தில் உள்ள பெயர்ச்சொல் கடனைக் குறிப்பது; வினைச்சொல் 'விட்டுவிடுதல்' என்று பொருள்படுவது. லூக்காவின் வடிவத்தில் கடனுக்கு மாறாகப் பாவம் என்னும் சொல் வருகிறது. ஆதலின் மூன்று தமிழ் வடிவங்களுக்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. ஆனால், ஒவ்வொன்றும் ஓதுபவர் மனத்தில் எழுப்பும் காட்சி வேறு. 'பொறுத்தல்' என்கையில் பாரம் ஒன்று ஒருவர் தோளில் இருக்கிறது, அதனை அவர் இறக்கவில்லை, சுமக்கிறார். 'கடனை மன்னித்தல்' என்கையில் கணக்கேடு ஒன்று விரிகிறது. கொடுத்தவர் இன்னார், பெற்றவர் இன்னார், தொகை இவ்வளவு என்பவை அதில் எழுதப்பட்டுள்ளன. கொடுத்தவர் தம் உரிமையை அறிந்தே அதனைக் கைவிடுகிறார். 'குற்றத்தை மன்னித்தல்' என்கையில் நாம் வழக்குமன்றத்தில் நிற்கிறோம்.

பொது மொழிபெயர்ப்பின் தெளிவையும் அது பிரிந்திருந்த சபைகளை ஒரே நூலின்கீழ்க் கொணர்ந்த பயனையும் நாம் மதிக்கிறோம். ஆயினும், 'கடன்' மறைந்த இடத்தில் ஓர் இழப்பு நேர்ந்துள்ளது என்றே கருத வேண்டியுள்ளது. அவ்விழப்பின் அளவை மலேசியத் தமிழர் வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

கடன் என்னும் உருவகமும் மலாயாத் தமிழர் வாழ்வும்

பினாங்குத் தீவுக்கு எதிரே பெருநிலத்தில் அமைந்த செபராங் பிறை, ஆங்கிலேயர் காலத்தில் வெல்லெஸ்லி மாநிலம் எனப்பட்டது. அங்கிருந்த கரும்புத் தோட்டங்களுக்கு 19ஆம் நூற்றாண்டில் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். கப்பற் செலவு அவர்கள் பெயரில் கடனாக எழுதப்பட்டு, கூலியில் பிடித்தம் செய்யப்பட்டது. உழைத்துத் தீர்க்க வந்த கடனே அவர்களை அவ்விடத்தில் கட்டிப்போட்டது. 1907இல் தமிழர் குடிவரவு நிதி ஏற்படுத்தப்பட்டது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுற்றது. கங்காணி முறையில் ஆள் சேர்த்தலோ இந்திய அரசு 1938இல் தடை விதிக்கும்வரை நீடித்தது. தீவிலோ, பினாங்கு வீதியின் கிட்டங்கிகளில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் லேவாதேவித் தொழில் நடத்தினர். இவ்வாறு கணக்கேடு என்பது இம்மண்ணின் தமிழர்க்கு உருவகம் அன்று. கண்ணால் கண்ட பொருள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் மக்கள் நகர்ப்புறத் தொழிற்பேட்டைகளை நாடினர். பட்டர்வொர்த்தை அடுத்த மாக் மண்டின் அத்தகைய தொழிற்பேட்டைப் பகுதிகளுள் ஒன்று. அவ்வூரின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளியும் அங்கு உண்டு. இத்தகைய வட்டாரங்களில் சம்பளநாளுக்கும் தவணைநாளுக்கும் இடையே குடும்பங்கள் படும் பாடு ஆசிரியர்கள் நன்கறிந்தது. வட்டி முதலைகளைப் பற்றிய செய்திகள் நம் நாளேடுகளில் இன்றும் வந்தவண்ணம் உள்ளன. இங்கு வாழும் ஒருவர் மாலைச் செபத்தில் 'கடன்' என்று சொல்லும்போது அச்சொல் அவர் உடலிலேயே தைக்கும்.

மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் வரும் மன்னிக்க மறுத்த ஊழியனின் உவமை இக்கணக்கு மொழியிலேயே அமைந்துள்ளது. அவன் அரசனுக்குத் தர வேண்டியது 10,000 தாலந்து. தாலந்து ஒன்றுக்கு ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாட்கூலி. ஆகவே, அவன் கடன் 6 கோடி நாள் உழைப்பு. ஆண்டுக்கு 300 நாள் உழைத்தாலும் 2 இலட்சம் ஆண்டுகளுக்கான கூலி. அவனுக்கு உடன் ஊழியன் தர வேண்டியதோ 100 தெனாரியம். இத்தொகையை அற்பம் என்று ஒதுக்கும் விளக்கவுரைகள் பல. நாம் அவ்வாறு கருதவில்லை. நூறு நாட்கூலி ஒரு தொழிலாளிக்குச் சிறு தொகை ஆகாது. அது மூன்று மாதத்திற்கு மேற்பட்ட அரிசியும் வாடகையும் பள்ளிச் செலவும் ஆகும். உவமையின் கூர்மையே இதில்தான் உள்ளது. மனிதர் ஒருவர்க்கொருவர் செய்யும் தீங்கு மெய்யான தீங்கு. அதற்குத் தொகை உண்டு. அதனை விட்டுவிடுவோர் மெய்யாகவே ஒன்றை இழக்கின்றனர். அதனினும் பன்மடங்கு பெரிய கடனிலிருந்து தாம் விடுவிக்கப்பட்டோம் என்னும் நினைவே அவ்வாறு விட்டுவிடும் வலிமையைத் தருகிறது.

மேலும், அதே அதிகாரத்தில் இவ்வுவமைக்கு முன்னர், தீங்கிழைத்த சகோதரனிடம் சென்று அவன் குற்றத்தை எடுத்துரைக்க வேண்டும் என்னும் அறிவுரை உள்ளது. அவன் செவிசாய்க்காவிடில் சாட்சிகளோடு செல்லவும், அதன்பின் சபையின்முன் வைக்கவும் அது வழி கூறுகிறது. லூக்கா 17ஆம் அதிகாரமும் கடிந்துரைத்தலை மன்னிப்புக்கு முன் வைக்கிறது. குற்றத்தை மறைத்துவிட்டு மன்னிப்பை மட்டும் கேட்கும் போதனைக்கு இப்பகுதிகளில் இடமில்லை.

இரட்சணிய யாத்திரிகத்தில் பாசம்

எச். ஏ. கிருட்டிணப் பிள்ளை (1827-1900) நெல்லைச் சீமையில் வைணவ வேளாளர் குடியில் பிறந்து, தமிழாசிரியராய்ப் பணியாற்றி, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். 1894இல் வெளிவந்த அவருடைய இரட்சணிய யாத்திரிகம் ஐந்து பருவங்களும் 3,766 பாடல்களும் கொண்டது. ஜான் பனியன் 1678இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பயணக் கதையை அது தழுவியது. பனியனின் நூலில் இயேசுவின் பாடுகள் விரிவாகக் கூறப்படவில்லை. கிருட்டிணப் பிள்ளையோ குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலத்தை அமைத்து அப்பாடுகளை விரித்துப் பாடினார். தழுவலாசிரியர் மூலத்தை மீறிச் செல்லும் இடமே அவருடைய உள்ளக்கிடக்கையை நமக்குக் காட்டும்.

அப்படலத்தில் இயேசு கயிற்றால் பிணிக்கப்பட்டு நிற்கும் காட்சி நம் பொருளுக்கு மையமானது. அவரைப் பிணித்தது அக்கயிறு என்று எண்ணாதீர், தம்மைப் பகைத்த மக்கள்மேல் அவர் கொண்ட அன்பே என்னும் கருத்தைக் கவிஞர் 'பாசம்' என்னும் ஒரே சொல்லில் நிறுத்துகிறார். பாசம் கயிறு, பாசம் அன்பு. சிலேடை என்று கூறி இதனைக் கடந்துவிடுதல் தகாது. பதி, பசு, பாசம் என்னும் சைவ சித்தாந்தப் பாகுபாட்டில் பழகிய தமிழ்ச் செவிக்கு, பாசம் உயிர் களைய வேண்டிய கட்டு. இங்கு அக்கட்டினை இறைவனே தாமாக ஏற்கிறார். கட்டை அறுக்கும் ஆற்றல் உடையவர் அறுக்காமல் நிற்கிறார். வள்ளுவர் கூறிய வலிமையுள் வலிமை இதுவே. எள்ளி நகைத்தோருக்கு மறுமொழி கூறாது, அவர்கள் செயலுக்காக அவர்கள்மேலேயே இரங்கி அவர் நிற்பதாகக் கவிஞர் பாடுவது 157ஆம் குறளின் நோக்கோடு ஒத்துச் செல்கிறது.

ஆயினும், இக்காட்சியைக் 'கண்டும் பேசாதிரு' என்னும் போதனைக்குச் சான்றாக்க இயலாது. காரணம், பாடுகளைக் காணும் மக்களுக்குக் கவிஞர் குரல் கொடுக்கிறார். இக்கொடுமை கண்டும் மண் பிளக்கவில்லையே, வானம் இடிந்து விழவில்லையே, கடல் வற்றவில்லையே என்று அவர்கள் கதறுகின்றனர். தோண்டுவோரைத் தாங்கும் குறளின் நிலம் நமக்கு நினைவுக்கு வருகிறது. வள்ளுவரின் நிலம் தாங்குவதால் போற்றப்பட்டது. இங்கோ, 'நிலமே, நீ ஏன் இன்னும் தாங்குகிறாய்?' என்று மக்கள் வினவுகின்றனர். துன்புறுத்துவோரைக் கொடியவர் என்று அழைக்கவும் கவிஞர் தயங்கவில்லை. மன்னிப்பவரின் மௌனமும் கண்டோரின் கதறலும் ஒரே படலத்தில் அருகருகே நிற்கின்றன. ஒன்று மற்றொன்றை அடக்கவில்லை. குற்றம் குற்றமாகவே பெயர் சூட்டப்பட்ட பின்பே மன்னிப்பு அங்கு ஒளி பெறுகிறது. இக்காப்பியத்தின் மிக உயர்ந்த பேறு இதுவெனக் கூறத் துணிகிறோம்.

குறையும் ஒன்று உண்டு. பனியனின் கதைத்தலைவன் தன் மீட்பை நாடி மனைவி மக்களை விட்டுப் புறப்படுபவன். அவன் மனைவியும் மக்களும் தனியே மேற்கொள்ளும் பயணத்தைப் பனியன் 1684இல் இரண்டாம் பகுதியாகப் பின்னரே எழுதினார். வீட்டை விட்டு வெளியேறுவதைத் தொடக்கமாகக் கொண்ட கதையமைப்பில் அண்ணன் தம்பி பிணக்கும் மாமியார் மருமகள் மனக்கசப்பும் இடம்பெற வழியில்லை. மன்னிப்பை மலையுச்சியில் கண்டு வியக்கும் வாசகன் அதனை அடுக்களைக்குக் கொண்டுவரக் காப்பியம் துணை செய்வதில்லை. அதற்கு வேறோர் எழுத்தாளரை நாம் நாட வேண்டும்.

நீதிபதியின் அறம்

மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826-1889) கத்தோலிக்கர். மாவட்ட முன்சீப்பாக வழக்குகளைத் தீர்த்தவர். நீதிநூல் (1859), வழக்குமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தந்த சித்தாந்த சங்கிரகம் (1862), சர்வ சமய சமரசக் கீர்த்தனை (1878), தமிழின் முதல் புதினமான பிரதாப முதலியார் சரித்திரம் (1879) ஆகியவை அவர் படைப்புகளுள் சில. அவர் எழுத்தில் சமயக் கோட்பாட்டு விளக்கம் குறைவு. கணவன் மனைவி, பெற்றோர் பிள்ளைகள், கையூட்டு வாங்கும் அலுவலர், சினம் கொண்டோர் என அன்றாட மனிதரே அவர் நீதிநூலில் வலம் வருகின்றனர். இறைவனை எச்சமயத்தாரும் பாடத்தக்க மொழியில் அவர் கீர்த்தனைகள் அழைக்கின்றன.

இவரிடம் நாம் கற்கத்தக்கது ஒன்று. பகலில் நீதிமன்றத்தில் தீர்ப்பு வழங்கியவர் இரவில் இறைவனின் கருணையைப் பாடினார். ஒன்று மற்றொன்றுக்குப் பகை என்று அவர் எண்ணியதாக அவர் நூல்களில் அறிகுறி இல்லை. பிரதாப முதலியார் சரித்திரத்தில் ஞானாம்பாள் ஆண்வேடத்தில் அரசாளும் பகுதி இதற்கு நல்ல சான்று. அன்புடைய மனைவியே நீதி வழங்கும் அரசாகவும் அங்கு விளங்குகிறாள். பெண் பொறுப்பவள் மட்டுமே என்னும் மரபுக்கு எதிராக, நடுநிலையோடு தீர்ப்பளிக்க வல்லவள் அவள் என்று காட்டிய முதல் தமிழ்ப் புதினம் ஒரு கிறித்தவ நீதிபதியால் எழுதப்பட்டது என்பதை நம் ஆய்வுகள் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

மலேசியாவில் குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. அடிபட்ட பெண் பாதுகாப்பு ஆணை கோருவது மன்னிக்க மறுப்பதாகும் என்று எவரேனும் கூறுவாராயின், வேதநாயகம் பிள்ளையின் எழுத்து அவருக்கு மறுமொழி தரும். தீங்கினைத் தடுப்பது நீதியின் பணி; தடுத்த பின்னும் தீங்கு செய்தவன் அழிய வேண்டும் என்று விரும்பாதிருப்பது மன்னிப்பின் பணி. முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதைக் கேட்பது பாதிக்கப்பட்டவர் தோளில் மற்றொரு பாரத்தை ஏற்றுவதாகும்.

விசுவாசமும் நம்பிக்கையும்

மன்னிப்பைப் போன்றே நம்பிக்கை பற்றிய சொற்களும் இடம் மாறியுள்ளன. பவுல் அடிகள் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13ஆம் அதிகாரம் மூன்று பண்புகளை ஒன்றாகக் கூறி முடிகிறது. பவர் திருப்புதலில் அவை விசுவாசம், நம்பிக்கை, அன்பு. பொது மொழிபெயர்ப்பில் அவை நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. முன்னதில் இரண்டாம் இடத்தில் இருந்த 'நம்பிக்கை' பின்னதில் முதலிடத்திற்குப் பெயர்ந்தது. அது விட்டுச்சென்ற இடத்தை 'எதிர்நோக்கு' நிரப்பியது. 'அன்பு' மட்டுமே அசையாமல் நின்றது.

இம்மாற்றத்திற்கு வலுவான காரணம் உண்டு. இன்றைய பேச்சுவழக்கில் 'விசுவாசம்' எசமானிடம் ஊழியன் காட்டும் பற்றையும் நாய் காட்டும் நன்றியையும் குறிக்கும் சொல்லாகச் சுருங்கிவிட்டது. கங்காணியிடமும் துரையிடமும் விசுவாசமாக நடக்கப் பணிக்கப்பட்ட சமுதாயத்தில் அச்சொல் அடிமைநெடி வீசுவதில் வியப்பில்லை. 'நம்பிக்கை'யோ இருவருக்கிடையே நிகழ்வது. கடன் கொடுப்பதற்கும் நம்பிக்கை வேண்டும். கடனை விடுவதற்கும் வேண்டும். முறிந்த உறவு மீளும் என்று எண்ணாதவர் மன்னிப்பதற்கு முனையமாட்டார். அன்றாட வாழ்வில் மன்னிப்பும் நம்பிக்கையும் ஒரே செயலின் இரு முகங்களாக விளங்குவதை இச்சொல் தேர்வு நன்கு புலப்படுத்துகிறது. கடன் என்னும் சொல்லை விட்டதில் இழந்த பொது மொழிபெயர்ப்பு, இங்கு ஒரு பேற்றினைப் பெற்றுள்ளது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், தமிழ்க் கிறித்தவ எழுத்தில் மன்னிப்பு இரு படிமங்களால் நடைபெறுகிறது என்பது புலனாகும். ஒன்று சுமத்தல், மற்றொன்று கணக்கை விடுத்தல். சுமத்தல் தனித்து நின்றால் தீங்கு செய்தவன் காட்சியிலிருந்தே மறைந்துபோகிறான். பாதிக்கப்பட்டவரின் தோள் மட்டுமே எஞ்சுகிறது. கணக்கு தனித்து நின்றால் மன்னிப்பு வரவு செலவாகிறது. அதில் இரக்கத்திற்கு இடம் குறைகிறது. கிருட்டிணப் பிள்ளையின் படலத்தில் கட்டுண்டு நிற்பவரின் இரக்கமும் கண்டோரின் கதறலும் சேர்ந்தே ஒலிப்பதால் அது உயர்ந்த கவிதையாகிறது. மன்னித்தால் மன அமைதி கிட்டும், உடல்நலம் பெருகும் என்று கூறி நிற்கும் இக்காலச் சிற்றேடுகள் பல, இவ்விரு படிமங்களையும் இழந்து, மன்னிப்பை மன்னிப்பவருக்கான மருந்தாக மட்டுமே குறுக்குகின்றன. அவற்றில் பகைவனும் இல்லை, பட்ட கடனும் இல்லை.

வகுப்பறையில் இதற்குப் பயன் உண்டு. பொறையுடைமை அதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், 'இங்குப் பொறுப்பவர் யார்? அவரால் ஒறுக்க முடியுமா?' என்று மாணவரை வினவலாம். இரட்சணிய யாத்திரிகப் பகுதியைக் கற்பிப்பவர் பாசம் என்னும் சொல்லின் இரு பொருளோடு நிறுத்தாமல், கதறும் மக்களின் குரலையும் கேட்கச் செய்யலாம். சமய வேறுபாடின்றி எல்லா மாணவருக்கும் இவை பொருந்தும். வீட்டில் 'பொறுத்துக்கொள்' என்னும் சொல்லைக் கேட்டு வளரும் பிள்ளை, அச்சொல்லை வலியவரை நோக்கியே நம் முன்னோர் கூறினர் என்பதைப் பள்ளியிலேனும் அறிந்துகொள்ளல் வேண்டும்.